பதித்த புல் வேர் பிடிக்கவில்லை

திருவொற்றியூரில் வீட்டு முன்பக்கம் 200 சதுர அடிக்கு மெக்சிகன் புல் பதித்து இன்றோடு 18 நாள். நடுவில் பச்சைதான், ஆனால் புல் பாய்கள் ஒன்றோடொன்று சேரும் ஓரமெல்லாம் மஞ்சளாகிச் சுருள்கிறது. மூலையைத் தூக்கினால் கோரைப்பாய் மாதிரி அப்படியே கையோடு வருகிறது. அடியில் புது வேர் ஒன்றிரண்டுதான்.

பழைய கட்டட இடிபாட்டின் மேல் 2 அங்குலம் செம்மண் மட்டும் போட்டுப் பதித்தார்கள். அப்போதே கேட்டிருக்க வேண்டும், சரி. காலை, மாலை தண்ணீர் விடுகிறேன். இடுக்குகளில் மண்புழு உரம் தூவினேன். 10ஆம் நாள் கொஞ்சம் யூரியா போட்டேன், அப்புறம்தான் மஞ்சள் கூடியது. போர் தண்ணீர் உப்பு, வாளியில் வெள்ளையாகப் படிகிறது. மெட்ரோ தண்ணீர் சமையலுக்கே சரியாக இருக்கிறது.

இந்த உப்புத் தண்ணீரை வைத்தே புல்லைக் காப்பாற்ற முடியுமா, இல்லை பெயர்த்துவிட்டு மண்ணைக் கூட்டி மறுபடி பதிக்க வேண்டுமா?