புதுப்பிப்பு: ஆப்பிள் கிரிஸ்ப்புக்கு எந்த ஆப்பிள், எந்த ஓட்ஸ்?

ஆப்பிள் துண்டுகளை ஓவனில் சுட்டுச் செய்யும் இனிப்பான ஆப்பிள் கிரிஸ்ப்பின் மேல் தூவும் ஓட்ஸ் மொறுமொறுப்பாக நிற்க என்ன வாங்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்துவிட்டேன்.

முதலில் ஆப்பிள். இலையுதிர் காலத்தில் கனடாவின் ஒன்டாரியோவில் கடைக்குக் கடை மக்கின்டாஷ் ஆப்பிள் குவிந்து கிடக்கிறது. 1811இல் இதே மாகாணத்தில் கண்டெடுக்கப்பட்ட வகை. கடித்துத் தின்ன அதற்கு இணையில்லை. ஆனால் சூடு பட்டால் குழைந்து கூழாகிவிடுகிறது. நார்தர்ன் ஸ்பை என்ற வகை வெந்தபின்னும் துண்டு துண்டாக நிற்கிறது, புளிப்பும் குறையவில்லை. அது கிடைக்காதவர்கள் கிரானி ஸ்மித் என்ற பச்சை ஆப்பிள் வாங்கலாம்.

ஓட்ஸில் வாதமே வேண்டாம், தட்டையான பெரிய ஓட்ஸ்தான். உடனடி ஓட்ஸ் சாற்றை உறிஞ்சிக் களியாகிவிடும். ஒரு கிலோ ஆப்பிளுக்கு ஒரு கப் ஓட்ஸ், முக்கால் கப் மைதா, முக்கால் கப் பழுப்புச் சர்க்கரை, 115 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை உருக்க வேண்டாம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு, புட்டுக்கு மாவு பிசிறுவதுபோல் விரல் நுனியால் பிசிறுங்கள். பட்டாணி அளவு கட்டிகள் அங்கங்கே இருக்கட்டும். மொறுமொறுப்பே அவற்றில்தான் இருக்கிறது. ஆப்பிளில் எலுமிச்சைச் சாறும் ஒரு மேசைக்கரண்டி சோள மாவும் (கார்ன்ஃப்ளார்) போதும்.

ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் 45 நிமிடம். மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடத் தோன்றும். ஓரங்களில் சாறு கெட்டியாகக் கொப்பளிக்கும்வரை பொறுங்கள்.

பட்டைக்குப் பதில் ஏலக்காய் போடச் சொன்னவருக்குத் தனி நன்றி, அருமையான யோசனை! அடுத்து பேரிக்காயிலும் அதையே போடப் போகிறேன். மீந்ததை மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஓவனிலேயே சூடாக்குங்கள்.