"கருத்துட்டியேய்யா!" – வெயில் பட்ட கதைகள்

பணகுடிக்காரன்:
காற்றாலையில மெயின்டனன்ஸ் வேலை. கணவாய்க் காத்து அடிக்கையில வெயிலு உறைக்கவே செய்யாது, சாயங்காலம் கண்ணாடி பாத்தாத்தான் தெரியும். ஹெல்மெட் வார் கிடந்த இடத்துல மட்டும் வெளுப்பா ஒரு கோடு. கல்யாணத்துக்கு மூணு மாசம் இருக்கும்போது சித்தி, "போட்டோவுல பல்லு மட்டுந்தான் தெரியும் போலய்யா"ன்னுட்டா. மறுநாளே மெடிக்கல்ல முகம் வெளுக்க ஒரு கிரீம் டியூப். சீட்டு கேக்கல. ஸ்டீராய்டு கிரீமுகளுக்கு டாக்டர் சீட்டு வேணும்னு 2018லயே கெடுபிடி வந்தாச்சாம், எனக்கு யாரு சொன்னா?

பத்து நாள்ல முகம் பளபளன்னு ஆச்சு. தாலி கட்டும்போது நல்லாத்தான் இருந்தேன். நிறுத்தின நாலாம் நாள் கன்னம் செக்கச்செவேல்னு, மொளகாய் அரைச்ச கையை வச்ச மாதிரி எரிச்சல். உத்துப் பாத்தா நூல் நூலா ரத்தக்குழாய். தோல் டாக்டர் டியூபை வாங்கிப் படிச்சாரு: மொமெட்டசோன், ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின். முதல்ல உள்ளதுதான் ஸ்டீராய்டு, நாள்பட்டா தோலை மெலிய வைக்கும், அடுத்தது நிறமி உண்டாக விடாது, மூணாவது வெயில் தாங்க விடாது. "கூரையைப் பிரிச்சுப் போட்டுட்டு ஒழுகுதுங்கியே"ன்னாரு. ஆற எட்டு மாசம். இப்ப முழுக்கைச் சட்டை, கழுத்துக்குத் துண்டு, எஸ்பிஎஃப் 30 போட்ட வெயில் தடுப்புக் கிரீம். வேர்வையில வழிஞ்சிரும், ரெண்டு மணிக்கொருக்க திரும்பப் பூசணும்.

களக்காட்டுப் பொண்ணு, மெல்போர்ன்:
இங்க தலைகீழ். கூட வேலை பாக்கிறவ வெயிலைக் கண்டா புல்தரையில காலை நீட்டிப் படுத்திருவா, நிறம் ஏறணுமாம். சின்ன வயசுல காசு கொடுத்து புற ஊதா விளக்குப் படுக்கையில வேற கிடந்திருக்கா. தோல் புற்றுநோய்க்குப் பயந்து 2015லேர்ந்து அந்தக் கடைகளுக்கு இங்க தடை. போன வருஷம் அவ தோள்ல ஒரு மச்சம் உருமாறி வெட்டி எடுத்தாங்க. தையலைக் காமிச்சிட்டு என் கையைப் பாத்து, "உனக்குச் சும்மாவே கிடைச்சிருக்கே"ன்னா. அன்னைக்கு ராத்திரி வீடியோ கால்ல ஆச்சி: "ஏட்டி, மெலிஞ்சு கருத்துட்டியே, அங்க சோறு கெடைக்கலியா?" நம்மூர்ல மெலியாம யாரும் கருக்கவே முடியாது போல!

உவரிப் பக்கத்து ஆள்:
எங்கப்பா பனையேறி. அறுபது வயசு வரைக்கும் வெறும் மேலோட ஏறினவரு, முதுகுல ஒரு கொப்புளம் கிடையாது. கருத்த தோலுக்கு அந்த பலம் உண்டு. ஆனா கண்ணு மாட்டிக்கிட்டு. வெள்ளை முழியிலேர்ந்து சதை வளந்து கருவிழி வரைக்கும் வந்திட்டு. வெயிலு, மணலு, காத்து எல்லாம் சேந்ததுன்னாரு ஆபரேஷன் பண்ணின டாக்டர். கூலிங்கிளாஸ் வாங்கிக் குடுத்தேன். "பனையேறுதவனுக்கு இதெதுக்குலே, காக்கா சிரிக்கும்"னு டப்பாவோட பரண்ல வச்சிட்டாரு. கோயில் கொடைக்கு மட்டும் எடுத்துப் போட்டாரு. அதுவும் ராத்திரி.