யோயோகி அரங்கக் கூரையின் வளைவு மாதிரியில் வரவில்லையே, ஏன்?

கேள்வி (மூன்றாம் ஆண்டு மாணவி):
கென்சோ டாங்கே வடிவமைத்த யோயோகி தேசிய உள்விளையாட்டரங்கத்துக்கு மாதிரி செய்கிறேன். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் நீச்சல் போட்டிகள் நடந்த பெரிய அரங்கம். இரு தூண்களுக்கிடையே தடித்த நூலைக் கட்டி, அதிலிருந்து விளிம்புவரை மெல்லிய நூல்களைக் கட்டினேன். படத்தில் கூரை தூணருகே செங்குத்தாக எழும்புகிறது. என் நூல்கள் தொய்கின்றன. இழுத்துக் கட்டினால் நேர்கோடாகிவிடுகின்றன. எங்கே பிசகு?

பதில் (ஓய்வுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர்):
உங்கள் கையில் பிசகில்லை அம்மா, நூலில்தான். டாங்கே விரும்பிய வளைவு, கயிறு தன் போக்கில் தொங்கினால் கிடைப்பதில்லை. கட்டமைப்பை வகுத்த யோஷிகாட்சு சுபோய் குழுவினரும் முதலில் எஃகு வடங்களைத்தான் எண்ணினார்கள். வடிவம் ஒத்துவராததால் ஆங்கில ‘I’ எழுத்து வடிவ எஃகு உத்தரங்களைத் தொங்கவிட்டார்கள். உத்தரத்துக்கு விறைப்பு உண்டு. இழுவையோடு, ஓரளவு வளைக்கும் விசையையும் தாங்கும். அவற்றின் குறுக்கே நீளவாக்கில் வடங்களை இழுத்துக் கூரையை அழுத்திப் பிடித்தார்கள்.

மெல்லிய நூலை எடுத்துவிட்டு மூங்கில் சீவலை வளைத்து வையுங்கள். உங்கள் தடித்த நூலின் இடத்தில் வரும் நடு வடம் ஒன்றல்ல, இரண்டு. தூண்களுக்கிடையே 126 மீட்டர் தூரம்; நடுவில் இரண்டும் விலகி நிற்க, அந்த இடைவெளி வழியாகத்தான் மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. அதை விட்டுவிடாதீர்கள், அரங்கத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

மாதிரியின் பெயர்ப்பலகையில் சுபோயின் பெயரையும் எழுதுங்கள். டாங்கேயை மட்டும் சொல்லிவிட்டுப் போவது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருகிறது.

பதில் (மற்றொரு வாசகர்):
காற்றில் கூரை ஆடாமலிருக்க அந்த நடு வடங்களில் எண்ணெய்த் தணிப்பான்களும் பொருத்தினார்கள். அதே வளாகத்தின் சிறிய அரங்கத்துக்குத் தூண் ஒன்றுதான். கூரை அதைச் சுற்றிச் சுழன்று இறங்கும். கூடைப்பந்து அங்கேதான் நடந்தது.

மாணவி:
நன்றி ஐயா. சீவல் வைத்ததும் வளைவு வந்துவிட்டது! ஆனால் இழுப்பில் அட்டை விளிம்பு உள்பக்கமாகச் சாய்கிறது.

பதில் (பொறியாளர்):
விளிம்பை நேராக வெட்டியிருப்பீர்கள். மேலிருந்து பார்த்தால் பார்வையாளர் மாடங்கள் இரண்டு பிறைகள். அந்தக் கான்கிரீட் விளிம்பு, படுக்கவைத்த வில்போல நின்று கூரையின் இழுப்பை வாங்குகிறது. பிறைகளை நேருக்கு நேர் வைக்காமல் சற்று நகர்த்தி வையுங்கள். அந்த விலகலில்தான் நுழைவாயில்கள். தூண்களைத் தாண்டி வடங்களின் முனைகளைத் தரையில் நங்கூரமிட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் தூண்களும் உள்ளே சாயும்.