வீட்டுக்குப் புதிய மேசைக் கணினி: கடைக்காரர் தந்த பட்டியலில் எதை மாற்றலாம்?

கேள்வி: வேலூர் வணிகர்

நண்பர்களுக்கு வணக்கம். வேலூரில் மளிகைக் கடை நடத்தி வருகிறேன். வீட்டில் உள்ள கணினி இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 செயலியில் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ இந்தச் செயலியில் முறைப்படி நிறுவ முடியாது என்பதால், பாகங்களாக வாங்கிப் புதிய கணினி ஒன்றைச் சேர்த்துக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். நான் டேலியில் கடைக் கணக்கும் ஜிஎஸ்டி தாக்கலும் பார்ப்பேன். மகள் சிவில் பொறியியல் படிக்கிறாள். இப்போது வரைபடங்களுக்கு ஆட்டோகேட் பயன்படுத்துகிறாள், அடுத்த ஆண்டு கட்டட மாதிரிகளை உருவாக்கும் ரெவிட் மென்பொருள் தேவைப்படும் என்கிறாள். விளையாட்டுகளுக்கு இங்கே வேலை இல்லை. மானிட்டரும் கீபோர்டும் ஏற்கெனவே இருக்கின்றன.

கடைக்காரர் எழுதித் தந்தது இதுதான்: ஐ5-12400எஃப் செயலி, எச்610 மதர்போர்டு, டிடிஆர்4 வகையில் 8 ஜிபி ராம் ஒன்று, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 2 ஜிபி ஜிடி 710 கிராபிக்ஸ் கார்டு, கேபினட்டுடன் சேர்ந்தே வரும் 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மற்ற பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி). ஏழெட்டு ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு. செலவு சற்றுக் கூடினாலும் பரவாயில்லை, அது வீண் செலவாக இருக்கக் கூடாது. எதை மாற்றுவது என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: பாகசாலி

வணக்கம் ஐயா. செயலியின் பெயருக்குப் பின்னால் உள்ள 'எஃப்' என்ற எழுத்தைத்தான் முதலில் நீக்கச் சொல்வேன். 12400, 12400எஃப் இரண்டும் ஆறு கோர்களும் பன்னிரண்டு த்ரெட்களும் கொண்ட ஒரே செயலிதான். ஆனால் எஃப் வகையில் உள் கிராபிக்ஸ் இயங்காது. தனிக் கார்டு செருகாவிட்டால் திரையில் எதுவும் வராது. அந்தக் குறையை அடைக்கத்தான் உங்கள் பட்டியலில் ஜிடி 710 வந்து சேர்ந்திருக்கிறது. அது 2012-இல் அறிமுகமான கெப்ளர் வடிவமைப்பைச் சேர்ந்தது. அதற்குப் புதிய டிரைவர்கள் (கார்டை இயக்கும் மென்பொருள்) வெளியிடுவதை, அதன் சில்லை உருவாக்கிய என்விடியா 2021-லேயே நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அந்நிறுவனம் வைத்த கெடுவும் 2024 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. யூடியூபில் பரவலாக உள்ள விபி9 வடிவக் காணொளிகளைக்கூட அந்தக் கார்டால் கையாள முடியாது, அந்தச் சுமை முழுவதும் செயலியின் மேல் விழும். எஃப் இல்லாத 12400-இல் இருக்கும் யுஎச்டி 730 என்ற உள் கிராபிக்ஸ் விபி9, ஏவி1 என்ற இரு காணொளி வடிவங்களையும் தானே பார்த்துக்கொள்ளும். ஆகவே எஃப் இல்லாத செயலிக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, கார்டுக்கான பணத்தை அப்படியே மிச்சப்படுத்துங்கள்.

மிச்சமாகும் பணம் ராமுக்குப் போக வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொள்வதால் 2025-இன் பிற்பகுதியிலிருந்து ராம் விலை மளமளவென ஏறிவிட்டது. குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்று வந்த தொழிலையே மைக்ரான் நிறுவனம் கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. கடைக்காரர் 8 ஜிபியோடு நிறுத்திக்கொண்டதற்கு இதுவே காரணமாக இருக்கலாம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரெவிட்டுக்குக் குறைந்தது 16 ஜிபி தேவை என்று அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனமே சொல்கிறது. அதையும் ஒரே 16 ஜிபியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபிகளாக வாங்குங்கள். உள் கிராபிக்ஸுக்கெனத் தனி நினைவகம் கிடையாது, அது ராமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. இரண்டு ராம்கள் இருந்தால் இரு தடங்களில் தரவு போய் வரும், படத்தை நகர்த்தும்போதும் சுழற்றும்போதும் வேறுபாடு கண்ணுக்கே தெரியும்.

இங்கே எச்610 போர்டில் ஒரு சிக்கல் எழுகிறது. அதில் ராமுக்கு இரண்டு ஸ்லாட்டுகள்தான் உண்டு. இரண்டு 8 ஜிபிகளையும் இன்றே போட்டு நிரப்பிவிட்டால், பின்னாளில் 32 ஜிபிக்குப் போகும்போது இவற்றைக் கழற்றி ஓரம் வைக்க வேண்டியிருக்கும். நான்கு ஸ்லாட்டுகள் கொண்ட, டிடிஆர்4 ஏற்கும் பி760 போர்டு கிடைத்தால் அதையே எடுங்கள். எஸ்எஸ்டி பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், 500 ஜிபி போதும். பழைய கணினியில் சாட்டா எஸ்எஸ்டி இருந்தால் அதையும் இதில் இணைத்துக் கணக்குகளின் நகலை அங்கே வைத்துக்கொள்ளலாம். பழைய ராம் டிடிஆர்3 வகையாகத்தான் இருக்கும், அது இதில் பொருந்தாது.

மறுமொழி: ஐந்தாம் தடம்

முந்தைய நண்பரின் பதிலோடு ஒரு விஷயத்தில் நான் வேறுபடுகிறேன். 12400 பொருந்தும் எல்ஜிஏ1700 என்ற சாக்கெட் (போர்டில் செயலி அமரும் இடம்) இன்டெல்லின் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வேறு சாக்கெட். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்குப் பிறகும் ஆதரவு உண்டு என்று அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. அதில் பொருந்தும் ரைசன் 5 8600ஜி செயலியை எடுத்தால் அதிலுள்ள ரேடியான் 760எம் கிராபிக்ஸ் யுஎச்டி 730-ஐக் காட்டிலும் பல மடங்கு வலுவானது. ஏழெட்டு ஆண்டுகள் ஓட வேண்டிய கணினிக்கு முடிந்துபோன சாக்கெட்டை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்?

மறுமொழி: பாகசாலி

நியாயமான கேள்வி. இடையில் செயலியை மாற்றிக்கொள்ளும் பழக்கம் உள்ளவருக்கு நானும் ஏஎம்5-ஐத்தான் சொல்வேன். இந்த வீட்டில் நான்காம் தலைமுறை ஐ3 இன்று வரை அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. இவர் நடுவில் செயலி மாற்றுவார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ராம் மட்டுமே பொருந்தும், போர்டின் விலையும் பெரும்பாலும் கூடுதல். மகளுக்கு லூமியன் போன்ற ரெண்டரிங் மென்பொருள் தேவைப்பட்டால் 760எம் கிராபிக்ஸும் போதாது, தனிக் கார்டு வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த நாள் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: வேலூர் வணிகர்

இருவருக்கும் நன்றி. 12400, நான்கு ஸ்லாட் பி760 போர்டு, இரண்டு 8 ஜிபி என்று முடிவு செய்துவிட்டேன். எஸ்எம்பிஎஸ் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே, கேபினட்டுடன் வருவதே போதுமா? இன்னொன்று, பழைய கணினியின் கேபினட்டைத் தொட்டால் சில சமயம் விரலில் லேசாக ஷாக் அடிக்கிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, தனியாக யுபிஎஸ் வேண்டுமா?

மறுமொழி: மின்தடம்

ஐயா, உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் கவலை தருவது அந்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்தான். கடையிலேயே அதன் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கும். அங்கே 18 ஆம்பியர் என்று இருந்தால், 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட்தான் வருகிறது. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட் தடத்திலிருந்துதான். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த 450 அவற்றுக்கு உதவாது. 12400 உச்சத்தில் 117 வாட் வரை இழுக்கும். தனிக் கார்டு பின்னால் சேர்ந்தால், ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி என்றால் 70 வாட், ஆர்டிஎக்ஸ் 4060 என்றால் 115 வாட் கூடும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் சான்றும் ஐந்தாண்டு உத்தரவாதமும் உள்ள 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் உங்களுடையது, கேபினட்டுக்குள் வெப்பம் இன்னும் கூடும். ஆகவே 50 டிகிரியிலும் முழுத் திறன் தரும் என்று குறிப்பிட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இல்லாமல் வலையாக இருக்கட்டும்.

ஷாக் அடிப்பதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் மின் இரைச்சலை வடிகட்ட, பேஸ், நியூட்ரல் இரண்டிலிருந்தும் கேபினட்டின் உலோகத்துக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அவற்றின் கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் 230 வோல்ட்டில் ஏறத்தாழ பாதி அந்த உலோகத்தில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் விரலில் ஊர்வது போல் இருக்கும். ஆனால், உள்ளே காப்பு பழுதாகும் நாளில் உயிரைக் காக்க வேண்டிய எர்த் உங்கள் வீட்டில் வேலை செய்யவில்லை என்பதையே இது காட்டுகிறது. புதிய கணினியைச் செருகும் முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தப் பிளக் பாயிண்ட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் ஒருபோதும் செருகாதீர்கள்.

உங்கள் இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக (மின்வாரிய மின்சாரம் போன்ற சீரான அலை தருவதாக) இருந்து, யுபிஎஸ் நிலைக்கு மாற்றும் சுவிட்சும் அதில் இருந்தால் தனி யுபிஎஸ் தேவைப்படாமல் போகலாம். டேலியில் எதையும் திறக்காமல் கணினியை ஓடவிட்டு, மெயினை அணைத்துப் பாருங்கள். அணையாமல் நின்றால் போதும். ஸ்கொயர் வேவ் (சதுர அலை) என்றால் தனி யுபிஎஸ் வாங்குங்கள். விலை குறைந்த யுபிஎஸ்களின் அலையை ஏற்காமல் சில நல்ல எஸ்எம்பிஎஸ்கள் மின்சாரம் போன கணமே அணைந்துவிடும், எனவே இரண்டையும் ஒரே கடையில் வாங்கி அங்கேயே இணைத்து, மின்சாரத்தை நிறுத்திச் சோதித்துவிட்டு எடுத்து வாருங்கள்.

மறுமொழி: பாகசாலி

பில் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். செயலி, போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் ஒவ்வொன்றின் வரிசை எண்ணும் பில்லில் இருக்கட்டும். செயலி முத்திரை உடையாத பெட்டியில் வர வேண்டும். பெட்டியில் வருவதற்கு இன்டெல்லின் மூன்றாண்டு உத்தரவாதம் உண்டு, 12400-க்கான கூலரும் உடன் வரும். டிரே என்று உதிரியாகத் தருவதில் கூலர் இருக்காது, உத்தரவாதமும் விற்பவரைப் பொறுத்தது. கடைக் கணக்குக்கும் பயன்படுத்தப் போவதால் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டே பில் வாங்குங்கள். கட்டும் 18 சதவீத வரியில் தொழில் பயன்பாட்டுக்கு உரிய பங்கை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியுமா என்று உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோகேட்டுக்கும் ரெவிட்டுக்கும் பணம் ஒதுக்க வேண்டாம், மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் ஓராண்டு உரிமத்தை இலவசமாகத் தருகிறது. மகள் படிக்கும் வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம்.