மலேசியாவுல பினாங்குத் தீவு பாயான் லெப்பாஸுக்கு ஃபர்ம்வேர் (சாதனத்துக்குள்ளயே ஓடற மென்பொருள்) வேலைக்கு வந்தவங்களுக்கு: ரஸ்ட் புரோகிராமிங் மொழி படிக்க ஆரம்பிச்சிடுங்க

ரூம் பத்திக் கேட்ட தம்பி, பாயான் பாருவிலயோ சுங்கை டுவாவிலயோ பாருங்க. வாடகை குறைச்சல்னு தீவை விட்டுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் எடுத்தா தினமும் காலையில நெரிசல்ல மாட்டுவீங்க.

அதைவிட முக்கியமா ஒண்ணு சொல்லணும். உங்க எம்ப்ளாய்மென்ட் பாஸ் (வெளிநாட்டுக்காரங்க இங்க வேலை செய்யற அனுமதி) இப்ப இருக்கற கம்பெனியை வச்சுத்தான். வேலை மாறினா புதுக் கம்பெனி புதுசா பாஸ் எடுக்கணும். அவங்க அந்த மெனக்கெடலுக்குத் தயாராகற மாதிரி கையில ஒரு வித்தை வேணும். சி மொழி தெரிஞ்சவங்க இங்க நிறைய பேர். சியோட ரஸ்ட்டும் தெரிஞ்சவங்களைத் தேடித்தான் பிடிக்கணும்.

நான் வந்த புதுசுல ஒரு சர்க்யூட் போர்டு வாரத்துக்கு ஒரு தடவை அப்படியே உறைஞ்சு நின்னுடும். மூணு வாரம் ஆஸிலாஸ்கோப்போட (சிக்னலைக் காட்டற கருவி) உட்கார்ந்தேன். கடைசியில பார்த்தா, ஒரு இடத்துல வேலை முடிஞ்சுதுன்னு ஃப்ரீ பண்ணின பஃபரை (தரவு தங்கற மெமரி இடம்), இன்டரப்ட் (நடுவுல குறுக்கிடற சிக்னல்) வர்றப்ப இன்னொரு இடம் படிச்சிட்டிருந்திருக்கு. ரஸ்ட்ல பஃபரை ஒரு ஃபங்ஷன் கையில கொடுத்துட்டா அது அதோட சொத்து. மறுபடி தொட்டீங்கன்னா எந்த வரியில கொடுத்தீங்க, எந்த வரியில தொட்டீங்கன்னு ரெண்டையும் காட்டி, கம்பைலரே (கோடை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்தற புரோகிராம்) நிறுத்திடும். போர்டு வரைக்கும் போகவே போகாது. கம்பைலரால சரிபார்க்க முடியாததை அன்சேஃப்னு போட்டு எழுதற பகுதியில மட்டும் நாமதான் கவனமா இருக்கணும்.

இது ஏதோ சில பேரோட ஆசை இல்ல. 2022 டிசம்பர்ல லினக்ஸ் 6.1 கெர்னல்லயே (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) ரஸ்ட் நுழைஞ்சாச்சு. ஆண்ட்ராய்டுல புதுக் கோடை ரஸ்ட் மாதிரி மொழிகள்ல எழுத ஆரம்பிச்சதும், மொத்தப் பாதுகாப்பு ஓட்டைகள்ல மெமரி சம்பந்தப்பட்டது 2019ல 76 சதவீதமா இருந்தது, 2024ல 24க்கு இறங்கிடுச்சு. பழைய கோடை யாரும் மொத்தமா மாத்தி எழுதல, அதை நல்லா கவனிங்க. 2024 பிப்ரவரியில வெள்ளை மாளிகையே ரஸ்ட் மாதிரி மெமரி தப்பைத் தடுக்கற மொழிகளுக்கு மாறச் சொல்லி அறிக்கை விட்டுச்சு. ஐரோப்பாவோட சைபர் ரெசிலியன்ஸ் (டிஜிட்டல் பொருள்களோட பாதுகாப்பு) சட்டத்தோட முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர்ல ஆரம்பிக்குது. அது எந்த மொழியையும் கட்டாயமாக்கல. ஆனா அங்க விக்கிற பொருள்ல ஓட்டை இருந்தா தயாரிப்பாளர்தான் பதில் சொல்லணும். பினாங்குல செய்யற பொருளும் அங்க போகுதே!

சியை விட்டுடாதீங்க, சோறு போடறது அதுதான். ஒரு ராஸ்ப்பெரி பை பிக்கோ (சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டு) வாங்கி, முதல்ல எல்இடியை ரஸ்ட்ல மின்ன வைங்க. மொழியோட அதிகாரபூர்வப் புத்தகம் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. அதுல ஓனர்ஷிப் (மேல சொன்ன சொத்து விஷயம்) அத்தியாயத்தை மட்டும் ரெண்டு தடவை படிங்க. முதல் மாசம் கம்பைலரோட சண்டையாத்தான் இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. எர்ரர் புரியலன்னா முழுசா இங்க ஒட்டுங்க. ராத்திரி சாப்பிட்டுட்டு வந்து பார்த்துச் சொல்றேன்.