குப்பை மேட்டின் மேல் விளையாட்டு மைதானம்: கூட்டத்தில் என்ன கேட்பது?

வேப்பமரத்தடி (திருகோணமலை):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ஊர்ப் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே யாராவது படலையில் வந்து நிற்பார்கள்.

எங்கள் குடியிருப்புக்கு மேற்கே ஏறக்குறைய இரண்டு ஏக்கர் காணியில் பதினைந்து வருடத்துக்கு மேலாகக் குப்பை கொட்டினார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஏறியதெல்லாம் அங்கேதான் வந்தது. மீன் சந்தைக் கழிவு, சொப்பிங் பேக், டயர், ட்யூப் லைட், கராஜில் வடித்த பழைய எஞ்சின் ஒயில்கூடப் பீப்பாயோடு. டவுனில் திரியும் மான்கள் பொலித்தீன் தின்று சாவதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். இங்கே அந்தக் கதி மாடுகளுக்கு. போன வருடம் கொட்டுவதை நிறுத்தினார்கள். இப்போது மேட்டைச் சமப்படுத்தி, ஓர் அடிக்குக் கிரவல் (சரளை மண்) போட்டு, பிள்ளைகளுக்கு மைதானம் ஆக்கித் தருகிறார்களாம். ஊரில் பாதிப் பேருக்குச் சந்தோசம். பெடியன்கள் கிரிக்கெட் பிட்ச் எங்கே வரும் என்று இப்போதே அளந்துவிட்டார்கள்.

எனக்குக் கவலை கிணறு. மேட்டிலிருந்து நிலம் சரிந்து இறங்கும் பக்கம், ஒரு நூற்றைம்பது யார் தள்ளி என் மாமியின் வளவு. கோடையில் தண்ணீரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாரி தொடங்கிக் கொஞ்ச நாளில் நிறம் மாறும். சோறு மஞ்சள் பிடிக்கும். வாளியில் இரவு அள்ளி வைத்தால் காலையில் மேலே எண்ணெய் மிதப்பது போலப் பளபளப்பு, அடியில் செம்மண் நிறத்தில் வண்டல். "இரும்புத் தண்ணிதான், காய்ச்சிக் குடிச்சாச் சரி" என்று பார்க்க வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

இதைப் பற்றிப் பேச அடுத்த மாதம் கூட்டம். ஓர் அடிக் கிரவல் போதுமா? போதாது என்றால் எதைக் கேட்பது? வெறுமனே எதிர்க்கிறோம் என்று போய் நிற்க விருப்பமில்லை.

கச்சான்காற்று:

குப்பை நாறுது என்று கத்தியதும் நாங்கள்தான், மூட வந்தால் ஏன் மூடுகிறாய் என்று கேட்பதும் நாங்கள்தான். முதலில் மண்ணைப் போட விடுங்கள் அக்கா. மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

பழைய டீஓ:

தம்பி, "பிறகு பார்க்கலாம்" என்பதுதான் இந்த வேலையில் ஒருநாளும் நடக்காதது. மண் போட்டு உருட்டிய இடத்தைத் திரும்பக் கிளறிக் குழாய் பதிக்க எந்தச் சபையும் காசு ஒதுக்காது. உள்ளூராட்சி வேலையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக (டீஓ) இருந்து இளைப்பாறியவன் நான். குப்பைக் காணிகளோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன்.

மகள், "ஓர் அடி" என்பதைவிடக் "கிரவல்" என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. கிரவல் தண்ணீரை நிறுத்தாது, கீழே விட்டுவிடும். திருகோணமலையில் வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடும். இரண்டு ஏக்கர் என்றால் ஏறக்குறைய 8,100 சதுர மீற்றர். அதன்மேல் ஒரு வருடத்தில் விழுவது கிட்டத்தட்ட 1 கோடியே 30 இலட்சம் லீற்றர். அதில் கால்வாசி உள்ளே இறங்கினாலே 32 இலட்சம் லீற்றர் குப்பைக்குள் ஊறிக் கறுத்த தண்ணியாகக் கீழே போகும். கம்பஹா மாவட்டத்துத் தொம்பேயில் கொரிய உதவியோடு அமைத்த நிலநிரப்பில் (முறையாகக் குப்பை புதைக்கும் இடத்தில்) அடியில் தண்ணீர் இறங்காத விரிப்பு உண்டு, கறுத்த தண்ணியைப் பிடித்துச் சுத்திகரிக்க ஏற்பாடும் உண்டு. நம் பக்கத்துப் பழைய மேடுகளில் குப்பை நேரே மண்ணில் கிடக்கிறது. அடியில் இனிமேல் போய் விரிக்க முடியாது. மேலிருந்து தண்ணீர் இறங்காமல் பார்ப்பதுதான் கைக்கு எட்டுகிற வேலை.

அதற்குக் களிமண் வேண்டும், இரண்டடியாவது. டிப்பரில் கொண்டுவந்து குவித்து டோசரால் தள்ளிவிட்டுப் போவதில்லை. அரையடி அரையடியாகப் பரப்பி, ஈரம் பார்த்து, ரோலர் ஓட்டி இறுக்க வேண்டும். குளக்கட்டு வேலை செய்தவர்களுக்கு இது புதிதல்ல. கந்தளாய்ப் பக்கம் ஆள் கிடைக்கும். களிக்கு மேலே ஓரடி நல்ல மண்ணும் புல்லும். இதைத்தான் காசு மிச்சம் பிடிக்க முதலில் வெட்டுவார்கள், விடாதீர்கள். வெறுங்களி கச்சான் காற்று வீசும் கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். மாரியின் முதல் மழை அந்த வெடிப்பு வழியே நேரே குப்பைக்குள் போகும்.

அடுத்தது சரிவு. மைதானம் தட்டையாக இருக்க வேண்டும், மூடிய குப்பை மேடு தட்டையாக இருக்கவே கூடாது. இந்த இரண்டையும் ஒரே காணியில் கேட்கிறார்கள். குப்பை உக்க உக்க இறங்கும், அதுவும் ஒரே சீராக இறங்காது. டயர் கிடக்கும் இடம் நிற்கும், மீன் கழிவு கிடந்த இடம் குழியும். குழியில் தண்ணீர் தேங்கும், தேங்கினால் ஊறும். பெடியன்கள் அளந்த பிட்ச் சில மாரிக்குள் தவளைக் குண்டாகிவிடும். மேற்பரப்பில் நூற்றுக்கு நான்கைந்து என்ற அளவிலாவது சரிவும், சுற்றிவர வடிகானும் வேண்டும். ஓரங்களைக் கிடையாக மூன்றடி போனால் ஓரடி இறங்கும் கணக்கில் சாய்க்கச் சொல்லுங்கள். கொழும்புப் பக்கத்து மீதொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 ஏப்ரல் 14 அன்று, புத்தாண்டு நாளில் சரிந்து 32 பேரைக் கொன்றது. உங்கள் மேட்டுக்கு அந்த உயரம் இல்லை என்பது தெரியும். அதற்காகச் செங்குத்தான ஓரத்துக்குக் கீழே பிள்ளைகளை விளையாட விட முடியாது.

வாயுவையும் மறக்காதீர்கள். உக்கும் குப்பையில் இருந்து வருவதில் ஏறக்குறைய பாதி மெதேன். காற்றில் அது 5 இல் இருந்து 15 வீதம் வரை கலந்து நின்றால் ஒரு நெருப்புக்குச்சி போதும். களியை இறுக்கிவிட்டு வாயுக் குழாய் வைக்காமல் விட்டால், புட்டுப்பானையின் வாயை அடைத்தது போல, ஆவி பக்கத்தால் வழி தேடும். மலசலகூடக் குழிக்குள் வரும், பாழ்கிணற்றுக்குள் வரும். பதினைந்து வருடக் குப்பை என்றால் முழுவதும் ஓய்ந்திருக்காது.

கிணற்றுக்கு இப்போதைக்கு ஒரு வேலை சொல்கிறேன். அந்தப் பளபளப்பை ஓர் ஈர்க்கால் கீறிப் பாருங்கள். ஒயில் என்றால் விலகிச் சுழன்று திரும்பவும் ஒன்றாகச் சேரும். இரும்புப் பற்றீரியாவின் படை என்றால் துண்டு துண்டாக உடைந்து அப்படியே நிற்கும். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மருதடி (சுன்னாகம்):

எங்கள் ஊர் மின் நிலையத்து ஒயில் கிணறுகளில் கலந்த கதை உங்களுக்கும் எட்டியிருக்கும். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனத்தை 2 கோடி ரூபா கட்டச் சொன்னது. அந்த வழக்கில் பேசியது தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கைகள்தான், எங்கள் கண்ணீர் அல்ல. அதனால் ஒன்று சொல்கிறேன் அக்கா: மண் போடுமுன் தண்ணீரைப் பரிசோதித்துக் கையில் வைத்திருங்கள். போட்ட பிறகு எடுத்தால் "இது முந்தியே இருந்தது" என்பார்கள், உங்களிடம் பதில் இராது. மேட்டைவிட உயர்ந்த பக்கத்தில், குப்பைத் தண்ணீர் எட்டாத ஒரு கிணற்றிலும் ஒப்பிட்டுப் பார்க்க அதே நாளில் எடுங்கள்.

பீஎச்ஐ தாத்தா:

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீஎச்ஐ) என்ற முறையில் சொல்கிறேன். காய்ச்சினால் சரி என்று சொன்னவர் யாரோ, கிருமியை மட்டும் நினைத்துச் சொல்லியிருக்கிறார். காய்ச்சினால் கிருமி சாகும். நைத்திரேற்றும் ஈயமும் போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைய அவற்றின் செறிவு கூடும். பரிசோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்கு மாப்பால் கரைக்க வேண்டாம்.

எதற்கெல்லாம் பார்ப்பது என்று எழுதிக் கொடுங்கள். கிருமி மட்டும் பார்த்து "பாதுகாப்பானது" என்று ஒரு தாள் வந்தால் பயனில்லை. மின்கடத்துதிறன், குளோரைட்டு, அமோனியா, நைத்திரேற்று, பொட்டாசியம், இரும்பு, மங்கனீசு, ஈயம். இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்எல்எஸ் 614 இன்படி நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கும் குளோரைட்டு 250 க்கும் மேலே போகக் கூடாது. நம் மாவட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. கடலுக்குக் கிட்டிய கிணறுகளில் உப்பு இயல்பாகவே ஏறும். குளோரைட்டு கூடியிருக்கிறது என்றதும் "கடல் தண்ணி" என்று கையை உதறிவிடுவார்கள். அதற்காகத்தான் அமோனியாவையும் பொட்டாசியத்தையும் சேர்த்தேன். கடல் நீரில் பொட்டாசியம் சோடியத்தோடு பார்க்கையில் மிகக் குறைவு. அமோனியாவும் பொட்டாசியமும் சேர்ந்து உயர்ந்து நின்றால் குப்பைப் பக்கம் விரல் நீட்டலாம். மலசலகூடக் குழி கிட்ட இருந்தாலும் இரண்டும் ஏறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேப்பமரத்தடி:

ஐயாமார் இருவருக்கும் நன்றி. காலையில் கீறிப் பார்த்தேன். கண்ணாடிச் சில்லு மாதிரி உடைந்தது, திரும்பச் சேரவில்லை. அப்படியென்றால் ஒயில் இல்லை, நிம்மதியா? உள்ளே கிடக்கும் ஒயில் பீப்பாய்களை என்ன செய்வது? அவையும் கிரவலுக்குக் கீழே போய்விடுமா?

பழைய டீஓ:

நிம்மதி அரைவாசிதான் மகள். கோடையில் இல்லாத இரும்பு மாரியில் ஏன் வருகிறது? மண்ணில் இரும்பு எப்போதும் கிடக்கிறது, துருவாக, கரையாமல். உக்கும் பொருள் கலந்த தண்ணீர் நிலத்தடிக்குப் போய் அங்குள்ள ஒட்சிசனைத் தின்றுவிட்டால் அந்தத் துரு கரையத் தொடங்கும். கிணற்றில் காற்றுப் பட்டதும் திரும்பத் துருவாகி வாளியின் அடியில் படியும். நீங்கள் பார்க்கும் வண்டல் அதுதான். சதுப்புக்குப் பக்கத்துக் கிணறுகளிலும் குப்பை இல்லாமலே இப்படி வரும் என்பதால் இதை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. மருதடி சொன்ன உயர்ந்த பக்கத்துக் கிணறு இதற்குத்தான் தேவை.

பீப்பாய்களை மூடுமுன் எடுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்று தகரம் தாங்குகிறது, உக்கினால் தாங்காது. எங்கே கிடக்கின்றன என்பது எந்த வரைபடத்திலும் இராது. பெட்டியில் கொண்டுவந்து கவிழ்த்த தொழிலாளிகளுக்குத் தெரியும். அவர்களில் இரண்டு பேரையாவது கூப்பிட்டு இடம் காட்டச் சொல்லுங்கள். எடுத்த பீப்பாயை இன்னொரு பள்ளத்தில் கவிழ்க்காமல், அபாயக் கழிவு கையாள மத்திய சுற்றாடல் அதிகார சபையின் உரிமம் உள்ளவரிடம் கொடுக்க வேண்டும்.

சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் எத்தனையோ வருடமாக ஒயில் கிடக்கிறதே, ஊர் என்ன அழிந்தா போனது என்று கூட்டத்தில் ஒருவர் எழும்பிக் கேட்பார். கேட்காமல் விட மாட்டார்கள். அவை பிரித்தானியர் தம் கடற்படைக்கு 1930 களில் கட்டிய தாங்கிகள், ஒவ்வொன்றும் சுமார் 12,000 கிலோலீற்றர் கொள்ளும். கப்பலுக்கு எரித்த கனத்த எண்ணெய் தார் போல இறுகிக் கிடக்கும், மண்ணில் தூரம் போகாது. (1942 இல் ஜப்பானிய விமானம் மோதி எரிந்த தாங்கியின் உருகிய தகடு இன்னும் காட்டுக்குள் நிற்கிறது, பார்க்காதவர்கள் பாருங்கள்.) டீசல் அப்படி இல்லை, ஓடும். கராஜ் ஒயிலில் டீசலும் கலந்திருக்கும், எஞ்சின் தேய்ந்த உலோகமும் இருக்கும். இரண்டையும் ஒன்றாகப் பேச விடாதீர்கள்.

நான் போவதென்றால் கூட்டத்தில் முதலில் கேட்பது களிமண்ணை அல்ல. மூடிய பிறகு இந்தக் காணி யார் பொறுப்பு? அமெரிக்காவில் மூடிய நிலநிரப்பைப் பொதுவாக 30 வருடம் பராமரிக்க வேண்டும் என்பது சட்டம். குழிந்த இடத்தை நிரப்ப, வடிகான் தூர்வார, மாரிக்கு முன்னும் பின்னும் கண்காணிப்புக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வருடா வருடம் காசு வேண்டும். அது எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும் என்று கூட்ட அறிக்கையில் எழுதி வாங்குங்கள். திறப்பு விழாவுக்கு வருகிறவர்கள் அதற்கடுத்த மாரிக்கு வர மாட்டார்கள்.

கச்சான்காற்று:

சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். அப்போ பிள்ளைகளுக்கு மைதானமே இல்லையா? சென்னையில் பெருங்குடிக் குப்பை மேட்டில் செய்தது போல முழுவதையும் தோண்டிச் சலித்து அள்ளினால் என்ன?

பழைய டீஓ:

நல்ல கேள்வி. இரண்டு ஏக்கர் சின்ன இடம்தான், அதற்கும் விலை கேட்கச் சொல்லலாம். சலித்து வரும் மண்ணில் கண்ணாடியும் உலோகமும் இருக்கும், தோட்டத்துக்குப் போடக் கூடாது. மிஞ்சும் பொலித்தீனுக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் இல்லாமல் தோண்டினால் குப்பை பக்கத்து ஊருக்குப் போகும், அவ்வளவுதான். மூடுவதென்றால் பிட்ச்சைக் குப்பை கிடக்காத ஓரத் துண்டில் போடுங்கள். மேட்டின் மேல் புல் மட்டும். கட்டடம், கிணறு, ஆழ வேர் விடும் மரம் ஒன்றும் வேண்டாம்.

வேப்பமரத்தடி:

மூடல் திட்டத்தைக் கூட்டத்துக்கு முன்பே பார்க்க வழி உண்டா? கேட்டால் "இன்னும் ரெடியாகவில்லை" என்கிறார்கள்.

பீஎச்ஐ தாத்தா:

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கம். உள்ளூராட்சிச் சபையின் தகவல் அலுவலருக்குத் தமிழில் எழுதிக் கொடுங்கள், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும், ஆகவே கூட்டம் வரை காத்திருக்காமல் இந்தக் கிழமையே கொடுங்கள். திட்டம், செலவு மதிப்பீடு, இதுவரை எடுத்த தண்ணீர் அறிக்கைகள் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். தண்ணீர் மாதிரிக்குப் போத்தலை ஆய்வுகூடத்தில் கேட்டு எடுங்கள், சோடாப் போத்தலில் அள்ளிக்கொண்டு போகாதீர்கள்.