ஏலத்தில் விலை இறங்கினால் ஆலை எழும்பிவிடுமா?

கேள்வி: 2017 மே மாதம் ராஜஸ்தானின் பட்லா சூரியப் பூங்காவில், மின்சாரத்தைக் குறைந்த விலைக்குத் தருபவருக்கே திட்டம் என்ற ஏலத்தில் யூனிட் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. இவ்வளவு மலிவாகக் கேட்டால் கட்டுப்படியாகுமா?

பதில்: வெயிலும் தகடுகளின் விலையும் பாதிதான். விற்ற மின்சாரத்துக்குப் பணம் தவணை தவறாமல் வருமா என்பது மீதிப் பாதி. அதே ஆண்டு மத்தியப் பிரதேசத்தின் ரேவா ஏலத்தில் அந்தப் பணத்துக்கு மாநில அரசே உத்தரவாதம் கொடுத்தது; முதலாண்டு விலை 2.97 ரூபாய். கடன் தரும் வங்கி ஒப்பந்தத்தில் முதலில் புரட்டுவது அந்த உத்தரவாதப் பக்கத்தைத்தான்.

இன்னொரு பதில்: கையெழுத்தாகும்வரை ஏல விலை வெறும் எண். தென்னாப்பிரிக்காவில் ஏலத்தில் வென்ற 27 திட்டங்கள், மின்சாரத்தை வாங்கவேண்டிய அரசு மின் நிறுவனமான எஸ்காமின் கையெழுத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தன. 2018 ஏப்ரலில்தான் விடிவு வந்தது. வென்றவர்களை இப்படித் தவிக்கவிடுவது பெரிய அநியாயம்!

கேட்டவர்: ஆலை தயாராகியும் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் மின்தடம் வராவிட்டால்?

பதில்: அந்த நட்டம் யாருடையது என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். தெளிவாக இல்லையென்றால் விலை கேட்கவே வேண்டாம்.